லிவிங் வில் பேக்கேஜ் ரிவ்யூ: பேப்பர் வேலை பக்கா, கேள்வி கேக்கற இடத்துல கோட்டை விட்டுட்டாங்க

லிவிங் வில் எழுதித் தரோம், நோட்டரி வீட்டுக்கே வருவாரு, நீங்க உக்காந்த எடத்த விட்டு எந்திரிக்கவே வேணாம்னு ஒரு விளம்பரம் சுத்திக்கிட்டு இருக்குல்ல, அந்த மாதிரி ஒரு ஆன்லைன் சர்வீஸ்ல அம்மாவுக்கும் எனக்கும் சேர்த்து பேக்கேஜ் எடுத்தோம். ரெண்டு பேரா சேர்ந்தா தள்ளுபடி, அதனால நானும் ஒட்டிக்கிட்டேன். கம்பெனி பேர் போடல. காரணம், நான் சொல்லப்போற பெரிய குறை இவங்களோடது மட்டும் இல்ல, இதே வேலை செய்யற இன்னும் ரெண்டு மூணு எடத்துல சாம்பிள் ஃபார்ம் வாங்கிப் பாத்தேன், எல்லாத்துலயும் அதே ஓட்டை. மார்க் கேட்டீங்கன்னா அஞ்சுக்கு மூணு. அந்த மூணுல ரெண்டு கடைசி நேரத்துல வந்த டாக்டரம்மாவுக்கு.

முதல்ல இது சொத்து உயில் இல்ல. நமக்கு முடியாமப் போயி, பேச்சு மூச்சு இல்லாம, இனி தேறமாட்டாங்கன்னு டாக்டருங்க சொல்ற நெலமை வந்தா, வென்டிலேட்டர் வெக்கலாமா, மூக்குல ட்யூப் போடலாமா, டயாலிசிஸ் வேணுமா, நெஞ்ச அமுக்கி திரும்ப இழுத்துட்டு வரணுமான்னு முன்கூட்டியே எழுதி வெக்கற பேப்பர். 2018 மார்ச் 9 அன்னிக்கு சுப்ரீம் கோர்ட்ல அஞ்சு நீதிபதிங்க பெஞ்ச், தீபக் மிஸ்ரா தலைமையில, கண்ணியமா சாகற உரிமையும், உயிர் வாழற உரிமைய சொல்ற அரசியல் சட்டம் 21-ஆவது பிரிவுல அடக்கம்னு தீர்ப்பு குடுத்தாங்க. காமன் காஸ்னு ஒரு அமைப்பு 2005-லயே போட்ட கேஸ், பதிமூணு வருஷம் ஓடி முடிஞ்சுது. ஆனா அப்ப போட்ட விதிமுறைல ஒரு மனுஷன் அத எழுதி அமல்படுத்தறதுக்குள்ளயே போய்ச் சேந்துருவான், மாஜிஸ்ட்ரேட் கையெழுத்து வேணும், இருபது வருஷ அனுபவம் உள்ள டாக்டருங்க போர்டு வேணும், கலெக்டர் இன்னொரு போர்டு போடணும். 2023 ஜனவரி 24-ல அதைத் தளர்த்தினாங்க. இப்ப எழுதறதுக்கு ரெண்டு சாட்சி, ஒரு நோட்டரி இல்லன்னா கெசட்டட் ஆபீசர் இருந்தா போதும். இந்த மாற்றம் வந்ததாலதான் இந்த மாதிரி கம்பெனியே முளைச்சிருக்கு, வீட்டுக்கு மாஜிஸ்ட்ரேட்ட கூட்டிட்டு வர முடியுமா என்ன.

சரி, சர்வீஸுக்கு வருவோம். காசு கட்டினதும் ஒரு ஃபார்ம் லிங்க் வருது. ஃபார்ம் நல்லா பண்ணிருக்காங்க, அத மறுக்க முடியாது. ஒவ்வொரு கேள்விக்கும் கீழ சின்னதா ஒரு விளக்க வீடியோ, வென்டிலேட்டர்னா என்ன, அத போட்டா பேச முடியாது சாப்பிட முடியாது, எத்தன நாள் வெப்பாங்க, எடுத்தா என்ன ஆகும்னு பயமுறுத்தாம சொல்றாங்க. ஆன்டிபயாடிக்ஸ் வேணுமா, ரத்தம் ஏத்தலாமா, ஐசியூ வேணுமா வார்டு போதுமா, கடைசில வீட்டுல இருக்கணுமா ஆஸ்பத்திரியா, இதெல்லாம் தனித்தனியா கேக்கறாங்க. வேணும் வேணாம்னு ரெண்டு பட்டன் மட்டும் இல்லாம 'கொஞ்ச நாள் முயற்சி பண்ணிப் பாக்கலாம்'னு மூணாவதா ஒண்ணும் இருக்கு, இது ரொம்ப முக்கியம், வேற எடத்து ஃபார்ம்ல இது இல்ல. குறைன்னா முழு ஃபார்ம் இங்கிலீஷ்ல மட்டும்தான், தமிழ்ல ஒரு பக்கச் சுருக்கம். எழுபது வயசு தாண்டினவங்களுக்கு விக்கற சர்வீஸ்ல இது என்ன நியாயம்னு தெரியல. விளைவு என்ன, அம்மாவோட ஃபார்ம தம்பி உக்காந்து நிரப்பினான்.

எல்லாத்துக்கும் 'வேணாம்' டிக் பண்ணிருந்தான். தம்பிய வில்லன் ஆக்கிடாதீங்க, நல்லவன், அம்மாவுக்கு மாத்திரை எடுத்துக் குடுக்கறதுல இருந்து செக்கப் கூட்டிட்டுப் போறது வரைக்கும் அவன்தான். அப்பாவுக்கு ஐசியூல நடந்தத பாத்தவன், அம்மா அப்ப 'என்ன இப்படி இழுத்துக்கிட்டு கெடக்க விட்றாதீங்க'ன்னு சொன்னது அவன் மனசுல அப்படியே நின்னுடுச்சு. அந்த ஒரு வரிய வெச்சு இருபது கேள்விக்கும் பதில் போட்டுட்டான்.

அடுத்து வக்கீல் கூட வீடியோ கால். சின்னப் பையன், தன்மையா பேசினாரு. சோபால அம்மா நடுவுல, ஒரு பக்கம் நான், இன்னொரு பக்கம் தம்பி, போனு தம்பி கையில. பேரு, வயசு, ஆதார் எல்லாம் முடிஞ்சுது. அப்புறம் 'அம்மா, இத உங்க சொந்த விருப்பத்துலதான எழுதறீங்க, யாரும் கட்டாயப்படுத்தலையே'ன்னு கேட்டாரு. அம்மா போன பாக்கல. தம்பி மொகத்தப் பாத்தாங்க. பாத்துட்டு 'எம்புள்ள எது செஞ்சாலும் எனக்குச் சரிதாம்ப்பா'ன்னாங்க. வக்கீல் 'ஓகேம்மா தேங்க்ஸ்'னு சொல்லிட்டு அடுத்ததுக்குப் போயிட்டாரு. டிராஃப்ட் வந்தப்ப அந்த எடத்துல 'முழு மனதுடனும் எவருடைய வற்புறுத்தலும் இன்றியும்'னு அழகா டைப் அடிச்சிருந்துச்சு.

இதுதான் என்னோட மொத்த கம்ப்ளைண்ட். இந்த பேப்பர்ல மத்தது எல்லாம் சும்மா, அந்த ஒரு கேள்விதான் உயிர். சுப்ரீம் கோர்ட் விதிமுறைலயே சாட்சிகளும் நோட்டரியும், இவங்க யாரோட நெருக்குதலும் இல்லாம, எல்லாம் புரிஞ்சுதான் கையெழுத்து போட்டாங்கன்னு எங்களுக்குத் திருப்தின்னு பதிவு பண்ணனும்னு இருக்கு. அத ஒரு டிக் பாக்ஸா மாத்தி, மகன் போன் புடிச்சிருக்க மகள் பக்கத்துல உக்காந்திருக்க, சபைல வெச்சு கேட்டா எந்தத் தாய் 'ஆமா, இவன் சொல்லித்தான் செய்யறேன்'னு சொல்லும்? கல்யாண மண்டபத்துல மாலையோட நிக்கற பொண்ணுகிட்ட மைக்க நீட்டி உனக்கு சம்மதமாம்மான்னு கேக்கற கதைதான்.

நல்லவேளை பேக்கேஜ்ல டாக்டர் ஆலோசனைன்னு ஒரு எக்ஸ்ட்ரா இருந்துச்சு, தனிக் கட்டணம், தம்பி வேணாம்னான், நான்தான் போட்டு விட்டேன். பாலியேட்டிவ் கேர் டாக்டர், அதாவது தீராத நோய்ல வலி, அவஸ்தைய கொறைக்கறவங்க, ஐம்பது வயசு இருக்கும். வந்ததும் முதல் வார்த்தையே 'அம்மாகிட்ட போன குடுத்துட்டு நீங்க ரெண்டு பேரும் கொஞ்சம் வெளிய இருங்க, கதவ சாத்திடுங்க'. தம்பிக்கு மொகம் சுண்டிப் போச்சு. நாங்க கிச்சன்ல நின்னுட்டு இருந்தோம், உள்ள பேச்சு போயிட்டே இருக்கு, நடுவுல அம்மா சிரிக்கற சத்தம் கூட கேட்டுச்சு. முடிஞ்சதும் அம்மாகிட்ட அனுமதி கேட்டுட்டு எங்கள கூப்ட்டு டாக்டர் வாசிச்சாங்க.

ட்யூப் வேணாம், அதுல அம்மா தெளிவு. ஆனா நிமோனியா மாதிரி வந்தா மருந்து குடுக்கணும். ஆக்சிஜன் குடுக்கணும், மூச்சுத் திணறல்னா அம்மாவுக்கு ரொம்ப பயம். வென்டிலேட்டர், சில நாள்ல எடுத்துடலாம்னு டாக்டர் நம்பினா வெச்சுப் பாக்கலாம், எடுக்கவே முடியாதுன்னு தெரிஞ்சா வேணாம். வலிக்கு மருந்து எவ்வளவு வேணா, தூங்கிட்டே இருந்தாலும் பரவால்ல. கடைசி நேரம் வீட்டுல. அதெல்லாம் கூட பரவால்ல, எனக்காக முடிவெடுக்க வேண்டிய ஆள்னு ஒரு கட்டம் இருக்குல்ல, அதுல தம்பியும் இல்ல நானும் இல்ல, சித்தி பேரு. 'புள்ளைங்களால முடியாது டாக்டர், ரெண்டும் அழுதுக்கிட்டு நிக்கும், பெரியவன் சொன்னான் சின்னவ சொன்னான்னு அப்புறம் காலத்துக்கும் பேசிக்க மாட்டாங்க, என் தங்கச்சின்னா மூஞ்சிக்கு நேரா சொல்லுவா'ன்னு காரணமும் சொல்லிருக்காங்க. நான் மூத்தவ, என்ன சின்னவன்னு சொன்னது தனிக் கதை.

இன்னொண்ணும் சொன்னாங்க டாக்டர், அதக் கேட்டு தம்பி அப்படியே சேர்ல உக்காந்துட்டான். அம்மா முதல்ல கேட்டது 'எப்ப ஊசி போடுவீங்க'ன்னாம். அதாவது இந்த பேப்பர்ல கையெழுத்து போட்டா முடியாத காலத்துல ஊசி போட்டு அனுப்பிச்சுருவாங்கன்னு அம்மா நெனச்சிருக்காங்க. நெனச்சும் சரின்னு தலையாட்டிருக்காங்க. ஏன்னா புள்ள சொல்றான், ஆஸ்பத்திரி செலவு வேற, எதுக்கு இவங்களுக்கு பாரமா.

அப்படி எல்லாம் இங்க சட்டத்துலயே கெடையாதும்மான்னு டாக்டர் புரிய வெச்சிருக்காங்க. நெஜம்தான், சிகிச்சைய நிறுத்தறது, ஆரம்பிக்காம விடறது மட்டும்தான் நம்ம ஊர்ல அனுமதி. ஊசி போட்டு முடிக்கறது குற்றம், நோயாளியே கெஞ்சிக் கேட்டு எழுதிக் குடுத்தாலும் குற்றம், சம்மதம் இருந்தா கொலைங்கறது மரணம் விளைவிக்கற வேற குற்றமா மாறும், அவ்வளவுதான். மருந்த வாங்கிக் குடுத்து அவங்களே எடுத்துக்கிட்டா தற்கொலைக்கு உடந்தை. இந்த வித்தியாசத்த கம்பெனி வெப்சைட்ல முதல் பக்கத்துலயே பெரிய எழுத்துல போட்டிருக்கணும். அங்க என்ன இருக்குன்னா சூரிய அஸ்தமனம் படமும் 'கண்ணியமான விடைபெறல்'னு ஒரு வரியும்.

எங்க பெரியம்மா பையன் அமெரிக்கால இருக்கான், இந்தக் கூத்தெல்லாம் சொன்னதும் அவன் ஆரம்பிச்சுட்டான், எதுக்கு இந்த பாதிச் சட்டம், டாக்டர் உதவியோட சாகறத கேக்கறவங்களுக்கு நேரா அனுமதிச்சுட்டுப் போலாமேன்னு. அமெரிக்கால ஓரிகன் மாநிலத்துல 1997-லேருந்து இருக்கு, நெதர்லாந்துல பெல்ஜியத்துல 2002-லேருந்து, கனடால 2016, ஸ்பெயின் நியூசிலாந்து 2021. அவன் கேட்ட ஒரு கேள்விக்கு என்கிட்ட பதில் இல்ல, இப்பவும் இல்ல. ட்யூப எடுத்துட்டு ஒரு உயிரு தானா அடங்கற வரைக்கும் நாள்கணக்கா வாசல்ல காத்துக்கிட்டு இருக்கறது கருணை, அந்த ஆளே கேக்கறப்ப நிமிஷத்துல முடிச்சு வெக்கறது கொலையா? ரெண்டுலயும் முடிவு ஒண்ணுதான, ரெண்டுலயும் டாக்டர் தெரிஞ்சுதான செய்யறாரு? அதே மாதிரி, மூளை தெளிவா இருந்து ஒடம்பு மட்டும் ஒவ்வொரு தசையா செயலிழக்கற நோய் இருக்கு, அந்த ஆளு இன்னும் எந்த மெஷின்லயும் இல்ல, நிறுத்தறதுக்கு ஒண்ணுமே இல்ல, அவருக்கு இந்த லிவிங் வில் என்ன கிழிக்கும்? ஒண்ணும் கிழிக்காது. தனக்கு என்ன வேணும்னு அவரவிட யாருக்குத் தெரியும், அரசாங்கத்துக்கா? கொள்கையளவுல நான் அவன் கட்சிதான்.

ஆனா அந்த வீடியோ கால பாத்தப்புறம் எனக்கு ஒரே கேள்விதான் ஓடுது, கேக்கறது யாரு, எப்படிக் கேக்கறாங்க. தன் விருப்பம், தன் விருப்பம்னு எல்லாரும் சொல்றாங்க, அந்த விருப்பத்த எங்க வெச்சு அளந்தாங்க? அனுமதிச்ச நாடுங்க இதுல எவ்வளவு மெனக்கெட்டிருக்காங்கன்னு உக்காந்து படிச்சேன். ஓரிகன்ல ஆறு மாசத்துக்குள்ள சாவுன்னு ரெண்டு டாக்டர் சொல்லணும், வாய்விட்டு ரெண்டு தடவ கேக்கணும், பொதுவா நடுவுல பதினஞ்சு நாள் இடைவெளி, அப்புறம் எழுத்துல ஒண்ணு, அதுல கையெழுத்து போடற ரெண்டு சாட்சில ஒருத்தராவது சொந்தக்காரரோ சொத்துல பங்கு வர்றவரோ இருக்கக் கூடாது. நெதர்லாந்துல சம்பந்தமே இல்லாத இன்னொரு டாக்டர் வந்து நோயாளிய நேர்ல பாக்கணும், எல்லாம் முடிஞ்சப்புறம் ஒரு கமிட்டி ஒவ்வொரு கேஸா பரிசோதிக்கும். சுவிட்சர்லாந்து இன்னும் வேடிக்கை, 1942-லேருந்து இருக்கற குற்றவியல் சட்டத்துல சுயநல நோக்கத்தோட தற்கொலைக்கு உதவினாதான் தண்டனை, அந்த ஒரு வார்த்தைய புடிச்சுக்கிட்டு மொத்த ஏற்பாடும் ஓடுது.

இவ்வளவு இருந்தும் ஓட்டை இருக்கு. ஓரிகன் சுகாதாரத் துறை வருஷா வருஷம் அறிக்கை விடுது, ஏன் கேட்டாங்கன்னு காரணத்தோட. நாம நெனக்கற மாதிரி வலி முதல் எடத்துல இல்ல. தன் கைல எதுவும் இல்லாமப் போச்சு, பிடிச்சத செய்ய முடியல, மானம் போச்சு, இதெல்லாம்தான் மேல. குடும்பத்துக்கு பாரம்ங்கற காரணமும் அந்த லிஸ்ட்ல நல்லா கனமாவே இருக்கு. கனடால 2021-ல சட்டத்த விரிச்சு, சாவு நெருங்காதவங்களும் கேக்கலாம்னு ஆக்கினாங்க, மாற்றுத்திறனாளி அமைப்புகள் கொதிச்சுட்டாங்க, வாழறதுக்கு வசதி பண்ணித் தராம சாகறதுக்கு வசதி பண்ணித் தர்றீங்களான்னு. 2022-ல அங்க முன்னாள் ராணுவ வீரர்களுக்கான துறைல ஒரு ஊழியர், உதவின்னு கேட்டு வந்தவங்ககிட்ட அவங்க கேக்காமலே இந்த வழிய எடுத்துச் சொன்னது பெரிய சர்ச்சை. பென்ஷன், இலவச ஆஸ்பத்திரி எல்லாம் இருக்கற ஊர்லயே 'பாரம்'ங்கற நெனப்பு இப்படி வேல செய்யுதுன்னா, கைக்காசு போட்டு ஐசியூ பில் கட்டற நம்ம ஊர்ல?

நம்ம ஊர்ல சட்டமே இல்லாம என்ன நடக்குதுன்னு எல்லாருக்கும் தெரியும். விருதுநகர் பக்கம் தலைக்கூத்தல்னு 2010 வாக்குல பேப்பர்ல எல்லாம் வந்துச்சு, படுக்கைல கெடக்கற பெரியவங்கள எண்ணெய் தேச்சு குளிப்பாட்டி வீட்டாளுங்களே அனுப்பி வெக்கறது. அத விடுங்க, அது ஏதோ கிராமத்துக் கதைன்னு ஒதுக்கிடுவோம். டவுன்ல ஏசி ஆஸ்பத்திரில தினம் நடக்கறது என்ன? காசு தீந்ததும் 'டாக்டர் சொல்லையும் மீறி கூட்டிட்டுப் போறோம்'னு ஒரு பேப்பர்ல கையெழுத்து, வென்டிலேட்டர எடுத்து, பம்ப அமுக்கிக்கிட்டே ஆம்புலன்ஸ்ல வீடு. போர்டு இல்ல, சாட்சி இல்ல, நோட்டரி இல்ல, படுத்திருக்கறவங்கள கேட்டாங்களாங்கற கேள்வியே இல்ல. இந்த நெலமைல ஊசியும் சட்டமாச்சுன்னா அந்தப் பேப்பருக்குப் பக்கத்துல இன்னொரு பேப்பர், அவ்வளவுதான். தம்பி மாதிரி நல்ல புள்ள இருக்கற வீட்டுலயே அம்மா ஊசின்னு நெனச்சுத் தலையாட்டிருக்காங்க, மத்த வீட்ட நெனச்சுக்கோங்க. கோப்பெருஞ்சோழன் பட்டினி கெடந்து வடக்கிருந்து உயிர விட்டத நாம பெருமையா சொல்லிக்கறோம், அவரு மகன்களோட சண்டை முத்திப் போயி மனசு ஒடிஞ்சுதான் அங்க போய் உக்காந்தாருங்கறத வேகமா தாண்டிடுவோம்.

அருணா ஷான்பாக் கேஸ்லயும் கடைசில முடிஞ்சது யாரு பேசறதுங்கற கேள்விலதான்னு எனக்குத் தோணுது. மும்பை கேஈஎம் ஆஸ்பத்திரி நர்ஸ், 1973-ல தாக்கப்பட்டு நினைவு திரும்பாமலே படுக்கைல. பத்திரிகையாளர் பிங்கி விரானி அவங்க சார்பா கோர்ட்டுக்குப் போனாங்க. 2011-ல சுப்ரீம் கோர்ட், சிகிச்சைய நிறுத்தறதுக்கு ஹைகோர்ட் அனுமதியோட வழி இருக்குன்னு பொதுவா சொல்லிட்டு, அருணாவுக்கு மட்டும் முடியாதுன்னு மனுவ தள்ளிட்டாங்க. அவங்களுக்காகப் பேசற உரிமை வருஷக்கணக்கா பாத்துக்கிட்ட அந்த ஆஸ்பத்திரி ஆளுங்களுக்குத்தான்னாங்க, அவங்களோ அருணா வாழணும்னாங்க. 2015 மே மாசம் நிமோனியால இறந்தாங்க. யாரு பேசறதுங்கறதுல முடிவு எப்படி அப்படியே திரும்புது பாருங்க. சித்தி பேர போட்ட எங்கம்மாவுக்கு இந்தக் கேஸெல்லாம் தெரியாது, ஆனா விஷயத்தப் புடிச்சுட்டாங்க.

நோட்டரி விசிட். சொன்ன நேரத்துக்கு வந்தாரு, ரிஜிஸ்டர், சீல், ஸ்டாம்ப் பேட் எல்லாம் பையில, பதினஞ்சு நிமிஷத்துல முடிச்சுட்டாரு. சாட்சிங்கள கம்பெனியே கூட்டிட்டு வரும்னு பேக்கேஜ்ல போட்டிருக்கு, வந்தது யாருன்னா அவங்க டெலிவரி பாய் ரெண்டு பேரு. விதிமுறைல சாட்சிங்க 'கூடுமானவரை' சம்பந்தமில்லாதவங்களா இருக்கணும்னுதான் இருக்கு, அந்த வகைல சரிதான், இவங்களுக்கு எங்க சொத்துல ஒரு சம்பந்தமும் இல்ல, ஆனா அம்மாவோட பேரு கூட தெரியாது, 'இவர் புரிந்து கையெழுத்திட்டார் என்பதில் எனக்குத் திருப்தி'ன்னு எந்த திருப்தில எழுதுவாங்க? நாங்க அவங்கள டீ குடுத்து அனுப்பிட்டு, கீழ் வீட்டு ரிட்டயர்டு டீச்சரையும் அம்மா கூட கோயிலுக்குப் போற மாமியையும் கூப்ட்டோம். டீச்சர் ஒவ்வொரு வரியா சத்தமா வாசிச்சு அம்மாகிட்ட 'சரிதான, சரிதான'ன்னு கேட்டு, ஒரு எடத்துல அம்மா 'அது இல்ல'ன்னு நிறுத்தி, ஆக்சிஜன் விஷயத்துல டிராஃப்ட்ல பழைய பதிலே இருந்தத கண்டுபுடிச்சாங்க. கம்பெனி அத சரி பண்ணாம ஃபைனல் பிரிண்ட் எடுத்து அனுப்பிருந்துச்சு! நோட்டரி பேனால திருத்தி கையெழுத்து வாங்க, அப்புறம் புது பிரிண்ட் கேட்டு திரும்ப ஒரு தடவ வர வெச்சோம், அதுக்கு எக்ஸ்ட்ரா காசு கேக்கல, அத சொல்லியே ஆகணும்.

பேப்பர் எழுதியாச்சு, யாருகிட்ட இருக்கும்? முடிவெடுக்கன்னு பேர் போட்டவங்க, குடும்ப டாக்டர், அப்புறம் உள்ளாட்சி ஆபீஸ்ல இதுக்குன்னு நியமிச்ச அதிகாரி, இவங்களுக்கெல்லாம் காப்பி போகணும்னு விதி. உள்ளாட்சி காப்பிய நாங்களே குடுத்துடறோம்னு கம்பெனி சொல்லுச்சு. கேட்டுட்டே இருந்ததுல ஒரு கூரியர் ரசீது வந்துச்சு, ஒப்புகைச் சீட்டு வரல. நானே எங்க ஏரியா ஆபீஸுக்குப் போனேன். சொத்து வரி கவுன்ட்டருக்கு அனுப்பினாங்க, அங்கருந்து பிறப்பு இறப்பு கவுன்ட்டர், அந்தம்மா 'இறந்தவங்க ஆதார் கொண்டு வந்தீங்களா'ன்னு கேட்டாங்க. இன்னும் நடக்கலம்மான்னு சொன்னேன். கடைசில தபால் பிரிவுல சீல் வாங்கிட்டு வந்தேன், அது எந்த அலமாரில இருக்குன்னு ஆண்டவனுக்குத்தான் தெரியும். கர்நாடகால 2025 ஜனவரில சுகாதாரத் துறையே உத்தரவு போட்டு நடைமுறைய தெளிவு பண்ணிருக்காங்க, கோவால ஹைகோர்ட் நீதிபதி ஒருத்தரே 2024-ல முன்னாடி வந்து தன்னோடத பதிவு பண்ணாரு. அந்த மாதிரி ஒரு தெளிவு எல்லா எடத்துலயும் வரணும், இது கம்பெனி மேல தப்பு இல்ல, ஆனா 'நாங்க பாத்துக்கறோம்'னு அவங்க சொல்லிருக்கக் கூடாது.

கியூஆர் கார்டு ஒண்ணு குடுக்கறாங்க, பர்ஸ்ல வெச்சுக்க, ஸ்கேன் பண்ணா டாக்குமெண்ட் வரும். பாக்க நல்லாருக்கு. ஆனா இந்தக் கார்ட காட்டினதும் டாக்டர் மெஷின நிறுத்திடுவாருன்னு விளம்பரத்துல ஒரு தொனி இருக்கு, அது பொய். நோயாளிக்கு முடிவெடுக்கற நெலமை இல்லாதப்பதான் இந்த பேப்பர் பேசும், அதுவும் பேப்பர் உண்மையான்னு பாக்கணும், ஆஸ்பத்திரில சிகிச்சை குடுக்கற டாக்டரும் அஞ்சு வருஷ அனுபவம் உள்ள ரெண்டு நிபுணர்களும் சேர்ந்த போர்டு, அது சரின்னா ரெண்டாவது போர்டு, அதுல ஒரு டாக்டர மாவட்ட தலைமை மருத்துவ அதிகாரி நியமிக்கணும், ஒவ்வொண்ணுக்கும் முடிஞ்சவரை 48 மணி நேரம், பேர் போட்ட ஆளோட சம்மதம், மாஜிஸ்ட்ரேட்டுக்கு தகவல். போர்டு மறுத்தா ஹைகோர்ட் போலாம். இவ்வளவு தூரம் பேப்பர தூக்கிக்கிட்டு நடக்க ஒரு சித்தி வேணும், கார்டு நடக்காது.

என்னோட லிவிங் வில் என்ன ஆச்சுன்னு கேக்கறீங்களா, அது பத்து நிமிஷ வேலை, இங்கிலீஷ் தெரியும், தனியா உக்காந்து நிரப்பினேன், யாரும் என் மொகத்தப் பாக்கல, நானும் யாரு மொகத்தையும் பாக்கல. அந்த மாதிரி ஆளுக்கு இந்த சர்வீஸ் தாராளமா வாங்கலாம். வயசானவங்களுக்கு எடுக்கறீங்கன்னா டாக்டர் ஆலோசனைய கண்டிப்பா போடுங்க, வக்கீல் கால் வந்ததும் போன குடுத்துட்டு நீங்களே வெளிய போயிடுங்க, சாட்சிக்கு தெரிஞ்ச ஆளா நீங்களே ரெடி பண்ணுங்க, ஃபைனல் பிரிண்ட ஒவ்வொரு வரியா அவங்களுக்கு வாசிச்சுக் காட்டச் சொல்லுங்க. கஸ்டமர் கேர் பரவால்ல, வாட்ஸ்அப்ல பதில் வருது. 'வீடியோ கால்ல தனியா கேட்டாங்களா'ன்னு ஒரு கட்டாய ஸ்டெப் வைங்கன்னு எழுதிருந்தேன், 'உங்கள் கருத்துக்கு நன்றி'ன்னு வந்துச்சு.

அப்புறம் முக்கியமான ஒண்ணு, காசு கட்டறப்ப ஆட்டோ ரினியூவல் தானா டிக் ஆகி இருக்கும், எடுத்து விட்ருங்க. 'உங்கள் லிவிங் வில் காலாவதியாகப் போகிறது'ன்னு அம்மா போனுக்கு மெசேஜ் அனுப்பி அவங்கள பதற வெச்சுட்டாங்க. வருஷா வருஷம் புதுப்பிக்கணும்னு கோர்ட் விதில எங்கயும் இல்ல, நாமளா எழுத்துல ரத்து பண்ற வரைக்கும் அது செல்லும். அவங்க கேக்கறது அவங்க சர்வர்ல வெச்சிருக்கறதுக்கு வாடகை. ஆப்ல ப்ரொஃபைல் உள்ள போயி கடைசி வரைக்கும் கீழ தள்ளினா ஆஃப் பண்ற பட்டன் இருக்கு.